துப்பறியும் சாம்புவும் சக்கிரீஸ்துச் சாவியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ராஜபாளையத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவது நம் வழக்கம். அருள்சகோதரி ஒருவர், பீடச்சிறுவன் ஒருவன், பங்குத்தந்தை என்று மூன்று பேராகப் போவோம். சென்ற மாதம் அப்படிப் போனபோது, மில்லில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார நேர்ந்தது. எண்பத்தெட்டு வயது. கண் பார்வை மங்கிவிட்டது. செபம் முடிந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். புத்தகம் என்றால் கடையில் வாங்கியது அல்ல. அந்தக் காலத்து ஆனந்த விகடனில் வந்த கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூல்போட்டுத் தைத்து, காலிக்கோ அட்டை ஒட்டிய பைண்டு. அவருடைய தகப்பனார் சேர்த்து வைத்ததாம். ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல உடைகின்றன.

"சாமி, ஒரு கதை வாசிச்சுக் காட்டுங்க. பேரன் பேத்திக்கு நேரமில்ல" என்றார்.

நற்கருணைப் பேழையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கதை வாசிக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினோம். அது காலியான பேழைதான் என்று அருள்சகோதரி நினைவூட்டினார். அவர் வீடுதான் அன்று கடைசி வீடு. வாசித்தோம். அது 'துப்பறியும் சாம்பு'. பாதிக் கதையில் பீடச்சிறுவன் சிரித்த சிரிப்பில் பெரியவருக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சாம்புவை எழுதியவர் தேவன். அவருடைய இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் திருவிடைமருதூரில் பிறந்தவர். நாம் அன்னை மரியாவின் பிறப்பு விழா கொண்டாடும் நாள் அது. அதனால் நமக்கு எளிதில் மனத்தில் நிற்கிறது. கும்பகோணத்தில் படித்து, இருபத்தோரு வயதில் ஆனந்த விகடனில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அங்கே ஆசிரியர் கல்கி. கல்கி விலகிய பின், 1942 முதல் நிர்வாக ஆசிரியர் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். நாற்பத்து மூன்று வயதுதான். இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே பத்திரிகை, வாரந்தோறும் தொடர்கதை. 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'சி.ஐ.டி. சந்துரு', 'கோமதியின் காதலன்' என்று அவ்வளவும் எழுதிய மனிதர், அவற்றில் பெரும்பாலானவற்றைப் புத்தகமாகக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. அவர் மறைந்த பிறகே அவை நூல்களாக வந்தன. அதுவரை அவற்றைக் காப்பாற்றியவர்கள் நம் பெரியவரின் தகப்பனாரைப் போன்றவர்கள்தாம், ஊசியும் நூலுமாக.

தமிழில் துப்பறியும் கதை அவரோடு தொடங்கவில்லை. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கு ஒரு திகம்பர சாமியார். பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே கண்டுபிடிப்பார். இவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் எப்படியோ, இங்கே இவர்கள் அப்படி. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தால் ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

தேவன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு முட்டாளைத் துப்பறிவாளர் ஆக்கினார். சாம்பு ஒரு பாங்கிக் குமாஸ்தா. ஊரே மண்டு என்று முத்திரை குத்திய ஆள். அவர் எதையும் ஆராய்வதில்லை. பயத்தில் ஓடுவார், தடுக்கி விழுவார், உளறுவார். விழுந்த இடத்தில்தான் உண்மை கிடக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் எல்லாரும் 'ஆகா, என்ன மூளை!' என்று வியப்பார்கள். சாம்புவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று கடைசிவரை புரியாது. மனைவி வேம்புவுக்கோ அவர் மேதைதான். ஓவியர் கோபுலு இதைச் சித்திரத் தொடராகவும் வரைந்தார். மூத்த நேயர்கள் அந்த மூக்கை மறந்திருக்க மாட்டார்கள்.

வெறும் நகைச்சுவை என்றுதான் நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். அன்று வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சாம்பு கதைகளில் தவறான ஆளைப் பிடிக்கிறவர்கள் எப்போதும் அறிவாளிகள்தாம். அவர்களிடம் தடயம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. சாம்புவிடம் ஒன்றும் இல்லை. தனக்குத் தெரியும் என்ற எண்ணமே அவரிடம் இல்லாததால், அவர் யாரையும் குற்றவாளி என்று முதலிலேயே எழுதி வைப்பதும் இல்லை.

இதே தேவன் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' எழுதியபோது சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குள் போனார். ஒரு கொலை வழக்கு விசாரணையே நாவல். சாட்சி ஒருவர் கூண்டில் ஏறுகிறார். இவன்தான் செய்தான் என்று நம் மனம் தீர்மானிக்கிறது. குறுக்கு விசாரணை வருகிறது. தீர்மானம் ஆட்டம் காண்கிறது. நம்முடைய அவசரத்தை நமக்கே காட்டிக்கொடுக்கிற நாவல் அது. கிடைத்தால் படியுங்கள், சாம்புவைவிட ஒரு படி மேல் என்பது நம் கருத்து. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

குருமடத்தில் படித்த நாள்களில் நம் பேராசிரியர் ஒருவர், அறநெறி இறையியல் வகுப்பில் மதிய வேளைத் தூக்கத்தை விரட்ட, தந்தை பிரவுன் கதைகளைச் சொல்வார். அவற்றை எழுதியவர் ஜி.கே. செஸ்டர்டன், 1874இல் லண்டனில் பிறந்து 1936இல் மறைந்தவர். பெருத்த உடம்பு, பெருத்த மறதி. எந்த ஊரில் இருக்கிறோம், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று தெரியாமல் மனைவிக்குத் தந்தி அடித்துக் கேட்டவர். நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய தேசியம் பற்றி 1909இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை காந்தியடிகளைப் பெரிதும் கவர்ந்து, 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ்வரை போனது. அதே ஆண்டில்தான் காந்தியடிகள் 'இந்து சுயராஜ்யம்' எழுதினார்.

செஸ்டர்டனுக்கு ஜான் ஓ'கானர் என்ற குருவானவர் நண்பர். ஒருநாள் இருவரும் நடந்து போகும்போது, மனிதரின் தீமைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தச் சாதுவான குரு, தாம் அறிந்த சில கொடுமைகளைச் சாதாரணமாகச் சொன்னார். செஸ்டர்டன் ஆடிப்போனார். அன்று மாலையே இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், 'குருக்களுக்கு உலகம் தெரியாது, பாவம், நான்கு சுவருக்குள் வாழ்கிறவர்கள்' என்று பேசியது அவர் காதில் விழுந்தது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். அந்தச் சிரிப்பிலிருந்துதான் தந்தை பிரவுன் பிறந்தார். முதல் கதை 1910இல். முதல் தொகுப்பு 1911இல். கொழுக்கட்டைபோல உருண்டை முகம், கையில் நிற்காத குடை, ஆள் வந்ததே தெரியாத குட்டை உருவம். இங்கேயும் பாருங்கள், உலகம் மதிக்காத ஒருவர்தான் துப்பறிகிறார். 1922இல் செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது, அவரை ஏற்றுக்கொண்டவர் அதே ஓ'கானர் அடிகளார்தான்.

1927இல் வந்த தொகுப்பு ஒன்றில் தந்தை பிரவுனிடம் கேட்கிறார்கள்: இத்தனை கொலைகளையும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவர் சொல்லும் விடை கேட்டவரைத் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் கொலைகளை எல்லாம் தாமே செய்ததாகச் சொல்கிறார். கையால் அல்ல, மனத்தால். கொலைகாரனின் நெஞ்சுக்குள் இறங்கி, அவனுடைய கோபமும் ஆசையும் தம்முடையவை ஆகும்வரை காத்திருந்து, 'இதை நாமும் செய்திருப்போம்' என்று உணரும் இடத்தில்தான் குற்றவாளி யார் என்று அவருக்குத் தெரிகிறது. வகுப்பில் இதைக் கேட்டபோது நாங்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞர்கள். நல்ல உத்தி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை.

ஏறிய நாளை இனிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இன்று இந்தப் பேச்சே. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் 'சொல்லுங்க சாமி, பேரு மட்டும் வேண்டாம்' என்ற பிறகே சொல்கிறோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கு. மே மாதத் திருவிழா. பத்தாம் நாள் சப்பரப் பவனி முடிந்து கொடியிறக்கம் நடக்கும்போது மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்சாரம் போய்விட்டது. சப்பரத்தில் விழுந்த காணிக்கை, ஏலப் பணம் எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய், ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக் கட்டியிருந்தது. மறுநாள் சக்கிரீஸ்து அலமாரியைத் திறந்தால் பை இல்லை.

சாவி இருந்தது கோயில்பிள்ளையிடம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோயிலில் மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, திருப்பலிப் பாத்திரங்களைத் துடைத்துவந்தவர். மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பங்குத்தந்தையும் பேரவையினரும் ஆகிய நாங்கள் பங்களா வராந்தாவில் உட்கார்ந்தோம். துப்பறிந்தோம், நேயர்களே! சாவி அவரிடம். அன்று இரவு கடைசியாகக் கோயிலைப் பூட்டியவர் அவர். அதற்கு முந்தைய வாரம் மகளுக்குக் கம்மல் வாங்கியிருக்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்றால், 'மச்சான் கொடுத்தார்' என்கிறார். சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாம் பொருந்தியது. எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்பதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

நம் ஊர் ராஜபாளையம் நாயைப் பற்றி ஊருக்கே பெருமை. 2005இல் தபால்தலைகூட வந்தது. வெள்ளை வெளேரென்று வாசலில் நிற்கும். மோப்பம் பிடித்துத் திருடனைத் தேடிப்போவது அதன் வேலை அல்ல. வேற்றாளைக் கண்டவுடன் பாய்வதுதான். அன்று வராந்தாவில் நாங்கள் செய்ததும் அந்த வேலைதான். மோப்பம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

"சாமி, நா எடுக்கல" என்றார் அவர். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதை இரக்கம் என்று எண்ணிக்கொண்டோம். சாவியை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றோம். இடுப்பு அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாரத்தில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். நம் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிற சூசன்னாவின் கதை. உலகின் மிகப் பழைய துப்பறியும் கதைகளில் ஒன்று என்று இலக்கியம் அறிந்தவர்கள் சொல்வார்கள். இரண்டு முதியவர்கள், ஊர் மதிக்கும் நடுவர்கள், ஒரு பெண்மீது பொய்ப்பழி சுமத்துகிறார்கள். சபை நம்பிவிட்டது. தீர்ப்பும் சொல்லியாயிற்று. அவளைக் கொல்லக் கொண்டுபோகும்போது தானியேல் என்ற இளைஞன் தடுக்கிறான். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். அவ்வளவுதான், பொய் உடைந்துவிட்டது. எத்தனையோ முறை இதற்கு மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்த வாசகத்தில் நம்மை எப்போதும் தானியேலின் பக்கத்தில்தான் நிறுத்திக்கொள்கிறோம். சபையில் மற்றவர்களும் இருந்தார்களே, 'பெரியவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும்' என்று தலையாட்டியவர்கள்! அந்த மே மாதம் நாங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடப் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை.

டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸ் குடில் கட்ட இளைஞர்கள் பரணிலிருந்து பழைய பலகைப் பெட்டியை இறக்கினார்கள். வைக்கோல், ஆடுகள், ஒட்டகம், ஒரு கை உடைந்த இடையன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வைக்கோலுக்குள் கைவிட்டுக் குழந்தை இயேசுவைத் தேடினாள். "சாமி, இதுல ஒரு பை இருக்கு" என்று கத்தினாள். மஞ்சள் பை. கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

பிறகுதான் மெல்ல மெல்ல நினைவு வந்தது. அந்த இரவு, இருட்டு, மழை, 'அலமாரிப் பூட்டு பழசு, பரண் பெட்டி பத்திரம்' என்ற ஒரு நினைப்பு, ஏணி, டார்ச் விளக்கு. அதற்கு மறுநாள் கடும் காய்ச்சல். ஒவ்வோர் ஆண்டும் பணத்தை அலமாரியில்தான் வைப்போம். ஆகவே இந்த ஆண்டும் அலமாரியில் வைத்ததாகவே மனம் எழுதிக்கொண்டது. வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பையை அங்கே வைத்த கை, இப்போது இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிற இதே கைதான்.

தந்தை பிரவுன் மனத்தால் குற்றவாளி ஆனார். இங்கே அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

மறு ஞாயிறு திருப்பலியில், அறிக்கைகள் வாசிக்கும் நேரத்தில் அல்ல, தொடக்கத்தில், பாவமன்னிப்பு வழிபாட்டின்போது இதை மக்களுக்குச் சொன்னோம். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பாட்டி மட்டும் எழுந்து வெளியே போனார். அவர் கோயில்பிள்ளையின் பெரியம்மா. ஏழு மாதமாக அந்தப் பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை அன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.

மூன்று பேர் திருப்பூருக்குப் போனோம். போகிற வழியில், வெறுங்கையோடு போகக் கூடாது என்று யாரோ சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துப் பக்கத்தில் இறங்கி அரைக் கிலோ பால்கோவா வாங்கினோம். ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டுப் பால்கோவாவோடு மன்னிப்புக் கேட்கப் போன அறிவாளிகள் நாங்கள். சாம்புகூட இதைச் செய்திருக்க மாட்டார்.

ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவல் வேலை. லைன் வீடு. மனைவி உள்ளே போய்விட்டார். காபி கொண்டுவர அல்ல. பங்குத்தந்தை தரையில் முழந்தாளிடப் போனபோது அவர் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார். "வேண்டாம் சாமி, வேண்டாம். பிள்ளைங்க பாக்குது" என்றார். மகள் அந்தக் கம்மலைப் போட்டிருந்தாள். மச்சான் உண்மையிலேயே கொடுத்திருக்கிறார். அவரிடம் கடனாகக் கேட்க வேண்டி வந்த வெட்கத்தில்தான் அன்று கண்ணைப் பார்க்கவில்லையாம்.

ஊருக்குத் திரும்பி வாருங்கள், சாவி உங்களுடையதுதான் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வரல சாமி. வந்தா எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லாப் பேசுவாங்க. அதத் தாங்க முடியாது."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னார். அது உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. மன்னிப்பும் கிடைத்தது, அவர் திரும்பியும் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் அந்த ஆண்டுக் குடிலுக்கு முன்னால் முழந்தாளிட்டோம்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். படியிறங்கும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார்.

"இப்ப சக்கிரீஸ்து யாரு பூட்டுறது சாமி? அந்தப் பூட்டு பழசு. சாவியப் போட்டு லேசா மேல தூக்கித் திருகணும். இல்லேன்னா பூட்டுன மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. புதுசா வந்திருக்கிற ஆளுட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டோம்.